எலுமிச்சைத் தோல் எண்ணெயைத் தின்கிற பாக்டீரியா உண்டா? கோபர் கேஸ் டிரம்முக்காகக் கேட்கிறேன்

புளியங்குடி_பக்கம்:

எங்கள் தோட்டம் புளியங்குடிக்கும் வாசுதேவநல்லூருக்கும் நடுவில் இருக்கிறது. முக்கியமாக எலுமிச்சை, ஓரத்தில் கொஞ்சம் தென்னை, நாலு மாடு, கேஸ் சேர்ந்தால் இரும்பு டிரம் ஏறி, எரித்தால் இறங்குகிற பழைய மாடல் கோபர் கேஸ் (சாண எரிவாயுக் கலன்) ஒன்று, 2 கன மீட்டர். சாணம் மட்டும் கரைத்து ஊற்றிய காலத்தில் இரண்டு வேளைச் சமையலுக்குக் குறையே இருந்ததில்லை. இந்தத் தடவை காய் விலை படுத்துவிட்டது. கமிஷன் கடையில் தரம் பிரித்துக் கழித்த காய், வெடித்த காய், பழுத்து அமுங்கியது என்று மூட்டை மூட்டையாக வீட்டுக்கே திரும்பி வருகிறது. ரோட்டோரம் கொட்ட மனசில்லாமல் அதை நறுக்கிச் சாணக் கரைசலோடு சேர்த்து ஊற்றிப் பார்த்தோம். முதலில் டிரம் நன்றாகவே ஏறியது, அப்புறம் படிப்படியாகக் குறைந்து இப்போது அசையவே மாட்டேன் என்கிறது, வருகிற கொஞ்சநஞ்ச கேஸும் அடுப்பில் பற்றவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்கிறார், தோலில் இருக்கிற எண்ணெய் கிருமியைக் கொன்றுவிட்டது, அதைக் கழுவுகிற மருந்தில்கூடப் போடுகிறார்கள் என்று. இருக்கலாம். ஆனால் எனக்கு ஒன்று இடிக்கிறது. மரத்தடியில் விழுகிற காய் எத்தனை, ஒன்றுகூட மிஞ்சுவதில்லை, அடுத்த மழைக்குள் தோல், எண்ணெய் எல்லாம் சேர்ந்து மண்ணாகிவிடுகிறது. எண்ணெய் கிருமியைக் கொல்லும் என்றால் அந்த எண்ணெயைத் தின்று தீர்க்கிறது யார்? அந்த ஆளைப் பிடித்து டிரம்முக்குள் விட முடியுமா?

கோபர்கேஸ்_அண்ணாச்சி:

தம்பி, எண்ணெயை அப்புறம் பார்ப்போம், முதலில் பி.எச். தாள் (புளிப்பு எவ்வளவு என்று நிறத்தில் காட்டும், எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) வாங்கிக் கரைசலில் முக்கிப் பாரும். நான் தென்காசி, சங்கரன்கோவில் பக்கம் தீனபந்து மாடலும் டிரம் மாடலும் கட்டிக்கொடுத்த ஆள், இந்தக் கதையைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன், எலுமிச்சை இல்லாமலே பார்த்திருக்கிறேன், கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை ஒரேயடியாகக் கொட்டினாலும் இதுதான் நடக்கும்.

உள்ளே இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. ஒரு கூட்டம் போட்டதை எல்லாம் புளிக்க வைத்து அமிலமாக்கும், அது வேகமான கூட்டம். இன்னொன்று அந்த அமிலத்தை மீத்தேனாக்கும், அது நிதானமான கூட்டம், பி.எச். 6.8க்கும் 7.4க்கும் நடுவில்தான் நன்றாக வேலை செய்யும், 6.5க்குக் கீழே போனால் படுத்துவிடும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2 சொச்சம். நறுக்கிய காயை அளவில்லாமல் போட்டால் என்ன ஆகும்? முதல் கூட்டத்துக்குத் தீனி கிடைத்துத் துள்ளும், அதில் வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, அதனால்தான் உமக்கு முதலில் டிரம் ஏறியது, அடுப்பு பற்றவில்லை. மீத்தேன் பாதிக்குக் கீழே இறங்கினால் பர்னர் அடம் பிடிக்கும். எண்ணெய் கொன்றது கிண்ணெய் கொன்றது என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

நுண்ணுயிர்_அக்கா:

அண்ணாச்சி சொன்ன அமிலக் கதை சரிதான், ஆனால் அது பாதிதான் என்பது என் கருத்து. சிட்ரிக் அமிலம் பாக்டீரியாவுக்கு நல்ல சாப்பாடு, அளவோடு போனால் அதுவே மீத்தேனாகிவிடும். தோல் எண்ணெய் அப்படி இல்லை. சாறு பிழிந்த பிறகு தோலை மட்டும் போட்டாலும் கலன் திணறும் என்பது ஆரஞ்சு, சாத்துக்குடித் தோலில் எரிவாயு எடுக்கப் பார்த்த எல்லா நாட்டுக்காரர்களும் கண்ட விஷயம். கேள்வி கேட்டவர் மரத்தடிக் காயைப் பற்றி எழுதியதுதான் எனக்குப் பிடித்தது, அதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பாளையங்கோட்டையில் பல வருஷம் பாடம் நடத்திய பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சைத் தோலில் ஊசி முனை அளவு பைகளில் இருப்பது டெர்பீன் வகை எண்ணெய். ஐந்து கார்பன் கொண்ட ஐசோப்ரீன் என்கிற துண்டுதான் டெர்பீன்களின் அடிப்படை. இரண்டு துண்டு சேர்ந்தால் பத்து கார்பன்: எலுமிச்சையின் லிமோனீன், பைன் மரத்தின் பைனீன், கற்பூரம், எலுமிச்சம்புல்லின் சிட்ரால் எல்லாம் இந்தப் பத்துக் கார்பன் குடும்பம்தான். மூன்று சேர்ந்தால் பதினைந்து, நாலு சேர்ந்தால் இருபது, அதில்தான் பைன் பிசினின் அமிலங்கள் வரும். ஆயிரக்கணக்கில் கோத்தால் ரப்பர். செடி இதையெல்லாம் செய்வது பெரும்பாலும் தன்னைத் தின்ன வருகிறவற்றை விரட்டத்தான், மணம் நமக்குக் கிடைத்த லாபம்.

நம் ஊர் எலுமிச்சை எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன், கூடவே காமா டெர்பினீன், பீட்டா பைனீன், சிட்ரால். லிமோனீனில் பத்து கார்பன், பதினாறு ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒன்றுகூட இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 14 மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும். தண்ணீரில் நிற்கப் பிடிக்காத பொருள் எங்கே போகும்? கொழுப்பு இருக்கிற இடத்துக்குப் போகும். டிரம்முக்குள் அருகிலேயே இருக்கிற கொழுப்பு நுண்ணுயிரின் செல் சவ்வு. அதில் போய்ச் செருகிக்கொண்டால் சவ்வு இளகி ஒழுக ஆரம்பிக்கும், உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே போகும், செல் சாகும். உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னது இதைத்தான், அவர் சொன்னதில் பிழை இல்லை. மீத்தேன் செய்கிற கூட்டம் இதில் ரொம்ப நோஞ்சான் (அவை பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்கிற தனிக் குலம், அது இங்கே வேண்டாம்).

இப்போது தின்கிறவர்களுக்கு வருவோம். மண்ணில் சூடோமோனாஸ் என்று ஓர் இனம், எங்கே தோண்டினாலும் இருக்கும். சூடோமோனாஸ் பியூட்டிடாவின் சில வகைகள் இந்த மாதிரிக் கரைப்பான்களிலேயே குடித்தனம் நடத்தும். சவ்வில் இருக்கிற கொழுப்பு அமிலங்களின் வளைவை நிமிர்த்தி, அதாவது சிஸ் வடிவத்தை டிரான்ஸ் வடிவமாக்கி, சவ்வை இறுக்கிக்கொள்ளும். அப்படியும் உள்ளே வந்துவிட்டதை, படகில் ஏறுகிற தண்ணீரை இறைத்துக் கொட்டுவது போல, சவ்வில் இருக்கிற பம்புகளால் வெளியே தள்ளும். தாக்குப்பிடிக்கிறது வேறு, தின்கிறது வேறு. தின்ன வேண்டுமென்றால் அதற்குக் கைப்பிடி வேண்டும், வெறும் கார்பன், ஹைட்ரஜன் மட்டும் இருக்கிற மூலக்கூறில் பிடிக்க இடமே இல்லை. அந்தப் பிடியைத் தருவது ஆக்சிஜன்.

காற்றிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவை எடுத்து டெர்பீனில் ஒட்டுவதுதான் பெரும்பாலான பாக்டீரியாவின் முதல் வேலை. எங்கே ஒட்டுகிறது என்பதில்தான் வேறுபாடு. ரோடோகாக்கஸ் எரித்ரோபோலிஸின் ஒரு வகை, லிமோனீன் வளையத்தின் இரட்டைப் பிணைப்பில் ஒட்டி எப்பாக்சைடாக்கும் (இரண்டு கார்பனுக்கு நடுவில் ஓர் ஆக்சிஜன் பாலம்), பிறகு தண்ணீரைச் சேர்த்து, இரண்டு ஆல்கஹால் முனை உள்ள டையால் ஆக்கி, படிப்படியாக வளையத்தை உடைக்கும். சூடோமோனாஸில் சிலது வளையத்துக்கு வெளியே தொங்குகிற மீத்தைல் முனையைப் பிடித்து பெரில்லைல் ஆல்கஹால், பிறகு பெரில்லிக் அமிலம் என்று கொண்டுபோகும். இந்த இரண்டாவது வழியைப் பற்றிய ஆரம்ப வேலையில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு, புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பி. கே. பட்டாச்சாரியா குழுவினர் 1960களில் மண்ணிலிருந்து எடுத்த ஒரு சூடோமோனாஸை லிமோனீனில் வளர்த்து, அது வழியில் என்னென்ன செய்கிறது என்று பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். அப்போது இன்றைய கருவிகள் கிடையாது. எங்கள் காலத்துப் பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கற்பூரம் இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் குன்சாலஸ் என்பவர் கற்பூரத்தைத் தின்கிற சூடோமோனாஸ் பியூட்டிடாவைப் பல வருஷம் ஆராய்ந்தார். அதில் முதல் வெட்டுப் போடுகிற நொதிக்குப் பெயர் பி450கேம். நடுவில் ஓர் இரும்பு அணு, அதில் காற்று ஆக்சிஜன் வந்து உட்காரும், அதன் ஓர் அணு கற்பூரத்தில் குறிப்பிட்ட ஒரே இடத்தில் ஒட்டும், மற்றது தண்ணீராகப் போய்விடும். 1985இல் தாமஸ் பூலோஸ் குழு இதன் முப்பரிமாண வடிவத்தைக் கண்டது, பி450 குடும்பத்திலேயே வடிவம் தெரிந்த முதல் நொதி இதுதான். நம் ஈரலில் மாத்திரையை உடைக்கிற நொதிகளும் அதே குடும்பம், மனிதனுக்கு அந்த வகையில் 57 மரபணு இருக்கிறது. கற்பூரம் தின்கிற மண் பாக்டீரியாவை வைத்துத்தான் மருந்து ஈரலில் எப்படி உடைகிறது என்பதன் அடிப்படை புரிந்தது.

அதனால் உங்கள் கேள்விக்கு நேர் பதில்: மரத்தடியில் காற்று இருக்கிறது, டிரம்முக்குள் இல்லை. தின்கிற ஆள் உள்ளே வந்தாலும் ஆக்சிஜன் இல்லாமல் கை கட்டித்தான் நிற்பார்.

சும்மா_படிப்பவன்:

அக்கா குன்சாலஸ் பெயரைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வந்தது. அவரிடம் வேலை பார்த்த வங்காளத்துக்காரர் ஆனந்த சக்கரவர்த்தி. கற்பூரத்தை உடைக்கிற மரபணுக்கள் அந்தப் பாக்டீரியாவின் முக்கிய டி.என்.ஏ.வில் இல்லை, பிளாஸ்மிட் என்கிற தனி வளையத்தில் இருக்கின்றன, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் என்று 1973இல் வெளிவந்த ஆய்வில் அவர் பெயரும் உண்டு. குன்சாலஸிடமிருந்து கிளம்பி அவர் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்குப் போய், கற்பூர பிளாஸ்மிட்டையும் பெட்ரோலியப் பொருள்களை உடைக்கிற வேறு பிளாஸ்மிட்களையும் ஒரே சூடோமோனாஸுக்குள் சேர்த்து, கடலில் கொட்டிய எண்ணெயைத் தின்கிற பாக்டீரியா என்று பேட்டன்ட் கேட்டார். உயிருள்ளதற்குப் பேட்டன்ட் தரலாமா என்று வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980இல் 5க்கு 4 என்று அவர் பக்கம் தீர்ப்பானது. உயிரித் தொழில்நுட்பக் கம்பெனிகள் எல்லாம் அந்தத் தீர்ப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. கற்பூரம் நம்மை எங்கெல்லாம் கொண்டுபோகிறது பாருங்கள்.

மேற்குமலை:

தலைப்பை விட்டு விலகுகிறேன் என்று திட்டாதீர்கள். முண்டந்துறைக் காட்டில் லவங்க மர இலையைக் கசக்கினால் வருகிற வாசம், பாபநாசம் மேலே ஏறும்போது முதல் மழைக்கு எழும்புகிற மண் வாசம், இரண்டும் டெர்பீன் சேர்ந்த கதையா?

நுண்ணுயிர்_அக்கா:

லவங்க இலையில் டெர்பீன்களும் உண்டு, வேறு வகை மணப்பொருள்களும் உண்டு. மண் வாசத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் டெர்பீன் வழியில் பிறப்பதுதான், ஆனால் அதைச் செய்வது செடி இல்லை, ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலான பாக்டீரியா. அதையும் தின்று தீர்க்கிற வேறு பாக்டீரியா மண்ணிலும் குளத்திலும் உண்டு. இத்தோடு நிறுத்துகிறேன், கேஸ் அடுப்பு காத்திருக்கிறது.

புளியங்குடி_பக்கம்:

அக்கா, ரொம்ப நன்றி, இரண்டு தடவை படித்த பிறகுதான் பிடிபட்டது. அண்ணாச்சி சொன்னபடி பி.எச். தாள் வைத்துப் பார்த்தேன், நிறம் 6க்கும் கீழே காட்டுகிறது, அண்ணாச்சிக்கு ஒரு மார்க். இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, ஆக்சிஜன் இல்லாமலே டெர்பீனைத் தின்கிற பாக்டீரியா உலகத்தில் ஒன்றுகூட இல்லையா? இரண்டு, உரக்கடையில் சூடோமோனாஸ் பவுடர் பாக்கெட்டில் விற்கிறார்களே, நெல்லுக்கு விதை நேர்த்தி பண்ணுகிறது, அதை வாங்கி டிரம்மில் கொட்டினால்?

நுண்ணுயிர்_அக்கா:

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். உரக்கடைப் பாக்கெட்டில் இருப்பது சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ். அது பயிர் நோய்ப் பூஞ்சையோடு மல்லுக்கட்டத் தேர்ந்தெடுத்த வகை, லிமோனீன் தின்னும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரே இனம் என்பதற்காக எல்லாரும் எல்லாச் சாப்பாடும் சாப்பிடுவதில்லை, அந்தப் பிளாஸ்மிட்டோ மரபணுவோ இருக்கிற வகைதான் தின்னும். போதாக்குறைக்கு அதற்குக் காற்று வேண்டும், டிரம்முக்குள் விட்டால் காசு வீண். இன்னொரு விஷயம், யாராவது மண்ணை எடுத்து எலுமிச்சை எண்ணெய் ஊற்றி வீட்டிலேயே வளர்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் இந்த ஜாதி எண்ணெய்களில் சிலவற்றைத் தின்று வளரும், அது ஆஸ்பத்திரிகளில் தீக்காயத்திலும் நுரையீரலிலும் பிடித்துப் பாடாய்ப் படுத்துகிற ஆள்.

முதல் கேள்வி நல்ல கேள்வி. உண்டு. ஜெர்மனியில் பிரேமன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் கடல் நுண்ணுயிரியல் ஆய்வு நிலையத்தில் வளர்த்து ஆராய்ந்த காஸ்டெல்லனியெல்லா டிஃப்ராகிரான்ஸ், ஆக்சிஜனே இல்லாமல் டெர்பீன்களில் வளரும். அதன் பெயரின் பின்பாதியே மணத்தைப் போக்குவது என்ற பொருளில் வைத்ததுதான். ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டை வைத்து மூச்சு விடும். மிர்சீன் என்கிற டெர்பீனில், காற்று ஆக்சிஜன் இல்லாததால், தண்ணீரைச் சேர்த்து லினலூல் ஆக்கும், அதை உருமாற்றி ஜெரானியால் ஆக்கும், இந்த இரண்டையும் ஒரே நொதி செய்கிறது. லிமோனீனை வேறொரு நொதி பெரில்லைல் ஆல்கஹாலாக்கும், அதில் சேருகிற ஆக்சிஜனும் தண்ணீரிலிருந்து வருவதுதான். ஆக்சிஜன் எங்கிருந்தாவது வர வேண்டும், காற்று இல்லையென்றால் தண்ணீரைப் பிடிப்போம் என்பதுதான் அதன் வழி.

அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும். அப்படியானால் நைட்ரேட் உரம் கொஞ்சம் டிரம்மில் போடலாமா? வேண்டவே வேண்டாம். நைட்ரேட் இருக்கிற இடத்தில் நுண்ணுயிர்கள் முதலில் அதைத்தான் பிடிக்கும், மீத்தேனுக்குப் போக வேண்டிய எலக்ட்ரான் எல்லாம் நைட்ரஜன் வாயுவாக்கப் போய்விடும், வழியில் உண்டாகிற நைட்ரைட் மீத்தேன் கூட்டத்துக்கு நஞ்சு. இருக்கிற கேஸும் போகும்.

கைப்பிடி கிடைத்த பிறகும் இந்த மூலக்கூறு சும்மா விடாது. சாதாரண எண்ணெயின் கொழுப்பு அமிலத்தைப் பாக்டீரியா இரண்டிரண்டு கார்பனாக நறுக்கிக்கொண்டே போகும். சிட்ரோனெல்லால், ஜெரானியால் மாதிரி நீளமான டெர்பீன்களில் வெட்ட வேண்டிய இடத்தில் சரியாக ஒரு மீத்தைல் கிளை குறுக்கே நிற்கிறது, கத்தி இறங்காது. சூடோமோனாஸ் சிட்ரோனெல்லோலிஸ் என்று ஒன்று, அந்தக் கிளையின் நுனியில் ஒரு கார்பன் டை ஆக்சைடை ஒட்டும், பையோட்டின் என்கிற வைட்டமினை வைத்து வேலை செய்கிற நொதி அது, அப்புறம் அந்தக் கிளையையே அசிட்டேட்டாகக் கழற்றி எறிந்துவிட்டு வழக்கமான நறுக்கலைத் தொடரும். தடையை உடைக்க முதலில் தடையைப் பெரிதாக்குகிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பின்பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

வேம்பு:

நான் வேளாண் துறை ஆள், இதில் என் அனுபவம் வேறு பக்கம். வேப்பம் புண்ணாக்கிலிருக்கிற லிமோனாய்டுகள், அசாடிராக்டின் உள்பட, டெர்பீன் வம்சம்தான், முப்பது கார்பனில் ஆரம்பித்துச் சிலதை இழந்தவை. யூரியாவோடு வேப்பம் புண்ணாக்கைக் கலந்து போட நம் பக்கத்து நெல் விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிற பாக்டீரியாவை வேம்பு மட்டுப்படுத்துவதால் தழைச்சத்து மெதுவாகக் கிடைக்கிறது, 2015லிருந்து நாட்டில் யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசியே விற்க வேண்டும் என்று அரசு சொன்னதும் அதற்குத்தான். ஆனால் அந்த வேப்பம் சத்து மண்ணில் நிரந்தரமாக இருக்காது. அசாடிராக்டினை மண்ணில் கலந்து பார்த்த ஒரு சோதனையில் 25 டிகிரியில் ஏறத்தாழ 20 நாளில் பாதி காணாமல் போனது, அதே மண்ணை ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கி வைத்தால் 30 நாளுக்கு மேல் பிடித்தது. வித்தியாசம் நுண்ணுயிர் வேலை, மிச்சம் தானாகச் சிதைவது. குளிர்ந்த மண்ணில் இரண்டுமே இன்னும் தாமதமாகும். நம் ஊர் வெயிலில் மண் சூட்டுக்குப் பஞ்சமா என்ன. ஆகவே கொல்கிறதும் தின்னப்படுகிறதும் ஒரே பொருள்தான், அளவும் காலமும் பார்த்துத்தான் பேச வேண்டும்.

வாசுதேவநல்லூர்_ஆச்சி_பேரன்:

பச்சைப் பூசணத்தை எல்லாரும் மறந்துவிட்டீர்களே? குதிருக்குள் வைத்த காயில் பச்சையாகப் பிடிக்குமே, அதற்கு எண்ணெய் ஒன்றும் பண்ணுவதில்லையே?

நுண்ணுயிர்_அக்கா:

மறக்கவில்லை, பாக்டீரியா என்று கேட்டதால் விட்டேன். அது பெனிசிலியம் டிஜிடேட்டம், எலுமிச்சை இனப் பழத்துக்கென்றே வந்த பூஞ்சை. லிமோனீனை ஆல்பா டெர்பினியோலாக மாற்றும், அது பழத்தில் பிடித்த பிறகு வாசம் மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். தோட்டத்துக் குவியலில் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்துதான் வேலை பார்க்கும்.

கோபர்கேஸ்_அண்ணாச்சி:

எல்லாம் சரி, இப்போது தம்பி என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே வே. நான் சொல்கிறேன், அக்கா பிழை இருந்தால் திருத்தட்டும்.

டிரம்முக்குள் காய் போடுவதை இன்றோடு நிறுத்தும். கொஞ்ச நாள் எதுவுமே ஊற்ற வேண்டாம், உள்ளே இருக்கிற அமிலத்தை அந்த நிதான கூட்டம் தின்னட்டும். பி.எச். ஏற மறுத்தால் சுண்ணாம்புத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தடவையும் தாள் வைத்துப் பார்த்து ஊற்றும், வாளியோடு கவிழ்த்தால் அதுவே இன்னொரு வம்பு. நிறம் 7 பக்கம் வந்த பிறகு நன்றாக ஓடுகிற கலன் ஒன்றிலிருந்து வெளிவருகிற ஸ்லரி (கேஸ் எடுத்து முடிந்த சாணக் கரைசல்) நாலைந்து குடம் வாங்கி ஊற்றும், அதில் மீத்தேன் கூட்டம் உயிரோடு இருக்கும். பிறகு சாணம் மட்டும், வழக்கமான அளவில் பாதியிலிருந்து ஆரம்பியும். 2 கன மீட்டருக்கு நாளைக்கு 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர், அதுதான் முழுக் கணக்கு, அங்கே போய்ச் சேர அவசரம் வேண்டாம்.

காய்க்குத் தனி வழி. சாறு பிழிகிற ஆள் கிடைத்தால் முதலில் சாறு போகட்டும், ஊறுகாய்க்காரர்கள் கழித்த காய் கேட்பார்கள், அப்படியும் மிஞ்சுகிற தோலை நறுக்கி, காய்ந்த தென்னை ஓலைத் துண்டு, சருகு, கொஞ்சம் பழைய எரு, தோட்டத்து மரத்தடி மண் ஒரு சட்டி, எல்லாம் கலந்து நிழலில் குவியல் போடும். மரத்தடி மண் எதற்கு என்று அக்காவுக்குப் புரியும். தண்ணீர் கொழகொழவென்று நிற்கக்கூடாது, நின்றால் காற்றுப் போகாது. வாரம் ஒரு தடவையாவது புரட்டிப் போடும், உள்ளே கை வைத்தால் சுட வேண்டும்.

நுண்ணுயிர்_அக்கா:

திருத்த ஒன்றும் இல்லை அண்ணாச்சி, மரத்தடி மண் யோசனை பிரமாதம். பல வருஷமாக எலுமிச்சை விழுந்து மக்கின மண்ணில் அதைத் தின்னப் பழகின கூட்டம் ஏற்கெனவே இருக்கும், கடையில் வாங்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: குவியலில் எண்ணெய் குறைவது முழுக்க பாக்டீரியாவின் கைங்கரியம் என்று நினைக்காதீர்கள், நறுக்கிய தோலில் கணிசமான பங்கு காற்றிலேயே ஆவியாகிப் போய்விடும். கலனுக்கு இரண்டும் ஒன்றுதான், எப்படியோ போனால் சரி.

புளியங்குடி_பக்கம்:

குவியல் போட்டாயிற்று. வாசம் போனதும் டிரம்மில் போடலாமா, வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா? அப்படியே வயலுக்கு எருவாகப் போட்டால் என்ன என்று அப்பா கேட்கிறார்.

கோபர்கேஸ்_அண்ணாச்சி:

அப்பா சொல்வதைக் கேளும். மக்கின பிறகு அதில் கேஸுக்கான சத்து பாதி போயிருக்கும், தென்னைக்கு வைத்தால் தென்னை சந்தோஷப்படும்.

நுண்ணுயிர்_அக்கா:

கேஸ்தான் வேண்டும் என்றால் முழுக்க மக்க விடாமல், எலுமிச்சை வாசம் அடங்கியதும் எடுக்க வேண்டும். மூக்கை மட்டும் நம்பாதீர்கள், மேலே வாசம் போயிருக்கும், குவியலின் நடுவில் இருக்கும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் நன்றாக ஓடுகிற கலனின் ஸ்லரியை முக்கால் பங்கு ஊற்றி, ஒன்றில் ஒரு கைப்பிடி சாணம், மற்றதில் அதே அளவு சாணத்தோடு குவியலின் நடுவிலிருந்து எடுத்த தோல் கொஞ்சம், வாயில் பலூன் கட்டி நிழலில் வையுங்கள். முதல் சில நாள் பலூன் உப்புவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது கார்பன் டை ஆக்சைடாக இருக்கும், அதை வெளியேற்றிவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். அதற்கப்புறம் தோல் போட்ட பாட்டில் சாணப் பாட்டிலுக்குச் சமமாகவோ மேலாகவோ உப்பினால் டிரம்மில் கொஞ்சமாக ஆரம்பிக்கலாம், பின்தங்கினால் குவியலை இன்னும் இரண்டு தடவை புரட்டுங்கள். பாட்டிலை வெயிலில் வைக்காதீர்கள், அடுப்புப் பக்கமும் வேண்டாம்.